மெயினை இறக்கியும் ஷாக் அடிப்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ஐ.டி.ஐ. முடித்து வாஷிங் மெஷின், ஏசி சர்வீஸ் பார்க்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் மெயினை இறக்கிவிட்டுத்தான் மெஷினின் பின்மூடியைக் கழற்றினேன். அப்படியும் சுரீரென்று அடித்தது. கரண்ட் எங்கிருந்து வந்திருக்கும்?
– வாசகர், காரைக்குடி

நீங்கள் இறக்கியது அந்த வீட்டில் உள்ள ஒரு மெயினை மட்டுமாக இருக்கலாம், தம்பி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொது. முகப்புக்கு ஒரு மீட்டர், இரண்டாம் கட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனி சர்வீஸ் இருந்தால், பின்கட்டில் இருக்கும் பாயின்ட் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பது வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கே தெரியாமல் இருக்கும். அடுத்த சந்தேகம் வீட்டு இன்வெர்ட்டர். மெயினை இறக்கினால் அது கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு அந்த நொடியே தன் லைனுக்கு 230 வோல்ட் அனுப்பும். பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலை மட்டும்தான் வெட்டும். சுவிட்சை அணைத்திருப்போம், மெஷினுக்குள் ஃபேஸ் அப்படியே நிற்கும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கி, வேலை முடியும்வரை கண்ணில் படும் இடத்தில் போட்டு வையுங்கள். ஏசி, கீசர் போல நேரடியாக வயர் கொடுத்த சாதனமென்றால் இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் எம்.சி.பி.யை (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி, அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரைக் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பாயின்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். தொடப்போகும் இடத்தில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்துவிட்டு, கரண்ட் உள்ள பாயின்டுக்கே மறுபடி வந்து மீட்டரைச் சோதியுங்கள். நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால் அது காட்டிய பூஜ்யம் பொய்யாகிவிடும் என்பதற்காகத்தான் இந்தக் கடைசிச் சோதனை.

இத்தனையும் செய்தாலும், மோட்டார் வேகத்தை மின்னணு போர்டே கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் மோட்டார் மெஷினிலும் இன்வெர்ட்டர் ஏசியிலும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது. போர்டு 230 வோல்ட்டை டி.சி.யாக மாற்றும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியதும் அது இறங்கிவிடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து, டி.சி. ரேஞ்சில் அளந்து, சில வோல்ட்டுக்கு வந்த பிறகு கை வையுங்கள். இறங்காமலே நின்றால் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் பிடியுள்ள கம்பிகளோடு வைத்து வடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் செம்பு உருகிக் கண்ணில் தெறிக்கும், போர்டும் போய்விடும்.

டெஸ்டர் ஒன்று போதாதா?
– வாசகர், புதுவயல்

போதாது. காய்ந்த மர ஸ்டூலில் நின்று வைத்தால் உண்மையான ஃபேஸிலும் மங்கலாகத்தான் எரியும், சில நேரம் எரியவே எரியாது. நியூட்ரல் அறுந்திருந்தால் இரண்டு ஓட்டையிலும் எரிந்து குழப்பும். கேட் III (வீட்டு வயரிங்கில் அளக்கத் தாங்கும் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று அச்சிட்ட மல்டிமீட்டர் வாங்குங்கள். ஆம்பியர் ஓட்டையில் செருகிய வயரை எடுக்க மறந்து, அப்படியே பிளக் பாயின்டில் வோல்ட் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த நிலையில் மீட்டரே ஒரு ஷார்ட் கம்பி. ஒவ்வொரு தடவை அளக்கும் முன்பும் வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள்.

வாஷிங் மெஷினை ஈரக்கையோடு தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து லீக் இல்லை என்றார்கள். மூன்றாவதாக வந்தவர் பிளக் பாயின்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். இப்போது அடிக்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

அந்தத் துண்டு வயரை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. எடுக்கும்வரை மெஷினைப் போடாதீர்கள். எங்காவது நியூட்ரல் கழன்றுவிட்டால் மெஷினின் தகரம் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். இப்போது ஜிவ்வென்றது, அன்றைக்கு உயிரையே எடுக்கும்.

முதலில் வந்த இருவரும் சொன்னது சரியாகவே இருக்கக்கூடும். இந்த மெஷின்களில் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு நாய்ஸ் ஃபில்டர் உண்டு. அதில் ஃபேஸிலிருந்து ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் நியூட்ரலிலிருந்து இன்னொன்றும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் நன்றாக இருந்தால் அந்தச் சிறு கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரம் பாதி வோல்ட்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஆக, மெஷின் நன்றாக இருக்கும்போதே இழுக்கும். இதை மோட்டார் லீக் என்று நினைத்து மோட்டாரை மாற்றிப் பணத்தைச் செலவழித்தவர்கள் உண்டு. நிஜமான லீக்கா என்று பார்க்க வேண்டுமானால், பிளக்கைப் பிடுங்கி, போர்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பாகம் கெட்டுவிட்டது.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது எர்த்தை. பழைய மரப்பட்டி வயரிங்கில் இரண்டு கம்பிதான் ஓடும். பிற்பாடு மூன்று ஓட்டை பாயின்ட் வைத்திருந்தாலும் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. எர்த் குழி இருக்கும் வீடுகளிலும் நம் ஊர்ச் செம்மண் சித்திரை, வைகாசியில் காய்ந்து இறுகிக் கரண்டை வாங்காது. குழியைச் சரிசெய்து எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கூடவே, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நிற்பது வெட்டவெளி மண்ணில் நிற்பதற்குச் சமம்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு எர்த் பார்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. எர்த் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் அதே எர்த்தில் சேர்ந்த ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும். சமையற்கட்டில் யாராவது கிரைண்டரைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். எர்த் டெஸ்டர் வைத்தே பாருங்கள்.

மைக்ரோவேவ் ஓவன் சுற்றுகிறது, சூடாகவில்லை. மல்டிமீட்டரால் எங்கே அளக்கலாம்?
– வாசகர், தேவகோட்டை

ஓடும்போது எங்கேயும் அளக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 2,000 வோல்ட் கொடுக்கும், டையோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதை 4,000 வரை ஏற்றும். 600 வோல்ட் மீட்டர் கையிலேயே வெடிக்கும். வீட்டுச் சாதனங்களில் மெக்கானிக்குக்கு இதைவிடக் கொடியது கிடையாது.

பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விடுங்கள். கெப்பாசிட்டருக்குள் சுமார் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் உண்டு, அதுவே வடித்துவிடும். ஆனால் அது அறுந்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. நன்றாக இன்சுலேஷன் செய்த கருவியால் இரண்டு முனையையும் இணைத்து, பிறகு ஒவ்வொன்றையும் தகரத்தோடு இணைத்து வடித்துவிடுங்கள். முன்னே சொன்ன போர்டு கெப்பாசிட்டர் போல இதில் அதிக மின்சாரம் தேங்காது, வோல்ட்டேஜ்தான் அதிகம்.

இனி ஓம் ரேஞ்சில் பாருங்கள். மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானின் இரண்டு முனைகளுக்கு நடுவே 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும், முனைக்கும் அதன் உடம்புக்கும் தொடர்பே கூடாது. ஹை வோல்ட்டேஜ் டையோடை மல்டிமீட்டர் எப்போதும் ஓப்பன் என்றே காட்டும். அதனால் நல்ல டையோடு பலவும் குப்பைக்குப் போகின்றன. 9 வோல்ட் பேட்டரியோடு தொடராக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் வோல்ட் வரும். கதவு சுவிட்சுகளை எந்தக் காரணத்துக்காகவும் வயரால் நேராக இணைத்துச் செயலிழக்க வைக்காதீர்கள்.

முன்னோருக்குப் படைப்பதற்காகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. மெக்கானிக் ஃபோனில் வழி சொல்ல, நாங்களே பின்பக்கம் திறந்து பார்க்கலாமா?
– வாசகர், சென்னை

திறக்க வேண்டாம். பிளக்கைப் போடும் முன் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். ஆர்600ஏ என்றும் தீச்சுடர் முத்திரையும் இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன் கேஸ், தீப்பிடிக்கும். சமையல் சிலிண்டரில் போல இதில் நாற்றம் சேர்ப்பதில்லை. காற்றைவிடக் கனமானதால் பூட்டிக்கிடந்த அறையில் தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவு கலந்தாலே ஒரு பொறி போதும். கசிந்திருக்கிறது என்று தோன்றினால் கதவு ஜன்னலைத் திறந்து, அரைமணி நேரமாவது காற்றோட்டம் விடுங்கள். அதுவரை அந்த அறையில் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பின்பக்கத்தை எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு, அதை ஃபோனில் பார்த்துச் சொல்ல முடியாது. நேரில் வரும் மெக்கானிக்கிடம் லேபிளைக் காட்டுங்கள். இந்தக் கேஸ் உள்ள குழாயில் அவர் டார்ச் வைக்கக் கூடாது, கசிவைச் சோதிக்க நைட்ரஜனும் சோப்பு நுரையும்தான். கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்யும் ரிலே, அதைக் காக்கும் ஓவர்லோடு மாற்றினால் அதே வகை மூடிய ரிலேயே போட வேண்டும், பொறி வெளியே வரும் மலிவு ரிலே வேண்டாம்.