தாங்கித் தண்ணீரை அடிக்கும் பம்ப் வாவித் தண்ணீரை எடுக்காவிட்டால்

பம்பை மாற்ற வேண்டாம். தீயணைப்பு வாகனத்தின் பம்ப் வாகனத் தாங்கியிலிருந்து ஒழுங்காக அடிக்கிறது, மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்குள் குழாயைப் போட்டால் மட்டும் எடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தால் காற்று புகுகிறது.

அநேகமாகக் குழாய் மூட்டிலுள்ள றப்பர் வொஷர்தான். தாங்கித் தண்ணீர் அந்த வழியால் வருவதே இல்லை. அதனால்தான் பிழை இவ்வளவு நாளும் தெரியவில்லை. வொஷரில் ஒட்டிய ஒரு மணல் துணிக்கையே போதும்.

இப்படிப் பாருங்கள்:

1. பம்பிலுள்ள தண்ணீரை வடித்து, தாங்கி வால்வு, வடிகால், வெளிவாய் வால்வு எல்லாவற்றையும் மூடுங்கள். வெளிவாய் மூடிகளை மட்டும் கழற்றி வையுங்கள். பூட்டியிருந்தால் வால்வுக் கசிவு மறைந்துவிடும்.
2. உறிஞ்சுகுழாயைப் பூட்டி, நுனியை இறுக அடையுங்கள்.
3. பிரைமரால் (பம்பிலுள்ள காற்றை வெளியே இழுக்கும் கருவி) வெற்றிடக் கேஜை 22 அங்குல பாதரசத்துக்குக் கொண்டுவந்து, பிரைமரையும் இஞ்சினையும் நிறுத்துங்கள். 5 நிமிடத்தில் வெற்றிடம் 10 அங்குலத்துக்கு மேல் குறையக்கூடாது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) தரத்தின் எல்லை அது. இஞ்சின் நின்ற அமைதியில் மூட்டுக்கு மூட்டு காதை வைத்தால் 'உஸ்' என்ற சத்தம் இடத்தைக் காட்டும்.

கேஜ் அசையாமல் நின்றால் உறிஞ்சுகுழாய் நுனியில் பூட்டும் வடிகட்டியைக் கவனியுங்கள். அதற்கு மேல் 60 சென்ரிமீற்றர் தண்ணீராவது வேண்டும். கரையோர ஆழமின்மையில் சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

தீயணைப்புப் பிரிவுகளை மதிப்பிடுவது பற்றியும் ஒரு சொல்: காப்புறுதிக்காக அவற்றுக்குப் புள்ளியிடும் அமெரிக்க ஐஎஸ்ஓ (Insurance Services Office) முறையில் வருடாந்த பம்ப் சோதனைப் பதிவுக்கும் புள்ளி உண்டு, ஆகவே அளவீட்டைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

ஒன்று கவனம்: வாவித் தண்ணீர் உவர். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உப்பு வால்வையும் சீலையும் அரித்துவிடும்.