நாற்பது வரி ஸ்கிரிப்ட்டை வெளியே விடலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. அம்மா போகும் டாக்டரின் சர்ஜரியில் (கிளினிக்கில்) நோயாளிகளின் கோப்புகளை ஆன்லைனில் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பக்கத்தைத் திறந்து, முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் வேறு யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவோ வருகிறது. இதே மென்பொருளை வேறு பல சர்ஜரிகளும் வைத்திருக்கின்றன. தயாரித்த கம்பெனிக்கு நான்கு மாதத்தில் மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. ஓட்டை உண்மைதானா என்று பார்க்க, கோப்புகளைத் தானாக இறக்கும் நாற்பது வரி பைதான் ஸ்கிரிப்ட் எழுதி, பத்துப் பேருடைய கோப்புகளை எடுத்தும் பார்த்துவிட்டேன். ஸ்கிரிப்ட்டை இணையத்தில் போட்டால்தான் இவர்களுக்கு உறைக்கும். போடட்டுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: தம்பி, போடாதீர்கள். உங்கள் கோபத்தில் தப்பில்லை. நான்கு மாதமாக ஒரு கம்பெனி வாயைத் திறக்கவில்லை என்றால் யாருக்கும் கோபம் வரும்.

‘திருடனுக்கு ஏற்கெனவே தெரியும், மறைத்து என்ன பயன்’ என்ற வாதம் கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்தது. 1851இல் லண்டன் பெரும் கண்காட்சி நடந்த சமயம், ஆல்ஃப்ரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்திருந்த பிராமா பூட்டைத் திறந்தார். 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார். பூட்டின் பலவீனத்தை இப்படி ஊரறியச் சொல்லலாமா என்று அப்போதே சண்டை. நான் இதில் ஹாப்ஸ் பக்கம்தான். ஆனால் அவர் செய்ததைப் பத்திரிகையில் படித்தவன் மறுநாள் போய்ப் பூட்டைத் திறந்துவிட முடியாது. அவருடைய கை வேண்டும், பொறுமை வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டும் வேண்டாம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் போரடிக்கிறது என்று ஓட்டினாலும் ஓடும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. அப்போது டர்பனில் ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் தொலைபேசி அடித்தது, நெட்வொர்க் அசையவில்லை என்றார்கள். எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு, அதாவது தானாகவே பரவும் கெட்ட நிரல், நம் நேரப்படி ஏழரை மணி சுமாருக்குக் கிளம்பி, பாதுகாப்பில்லாத சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. மொத்தம் 75,000 சர்வர்களாவது இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளில் அது நுழைந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் டேவிட் லிட்ச்ஃபீல்டு என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர். முறையாக மைக்ரோசாஃப்ட்டிடம் சொல்லி, 2002 ஜூலையில் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்த பிறகுதான் பிளாக் ஹாட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில், ஓட்டை வழியே நுழையும் கோடை (code, நிரல் வரிகளை) காட்டினார். புழுவை எழுதியவன் அந்தக் கோடை அச்சாக வைத்துக்கொண்டதாகத் தெரிந்ததும், இனி இப்படி வெளியிடலாமா என்று அவரே யோசிக்க ஆரம்பித்தார். பேட்ச் வந்து ஆறு மாதம் ஆகியும் எங்கள் அலுவலகத்தில் போடவில்லை. அந்தப் பழி என்னுடையது, லிட்ச்ஃபீல்டுடையது இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வர்களில் இருந்த ஓட்டைக்கு ஒருவர் எழுதிய கோடை, மைக்ரோசாஃப்ட்டுக்கே சொந்தமான கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளம் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. பேட்ச் வந்தாயிற்று, திருடர்கள் ஏற்கெனவே உள்ளே புகுந்துகொண்டிருந்தார்கள். தன் சர்வர் தப்பித்ததா என்று பார்க்க நிர்வாகிக்கும் அந்தக் கோடு உதவும். அங்கே நான் வெளியிடும் பக்கம்தான் நின்றிருப்பேன்.

உங்கள் விஷயத்தில் கோடு கையில் கிடைத்து யார் என்ன செய்ய முடியும்? டாக்டரால் முடியாது, ரிசப்ஷனில் இருக்கும் அக்காவாலும் முடியாது. சரிசெய்யக்கூடியது அந்தக் கம்பெனி ஒன்றுதான், அதற்கு உங்கள் கோடு தேவையே இல்லை. நீங்கள் எழுதிய மூன்று மின்னஞ்சல் போதும். மிச்சமிருப்பது வேடிக்கை பார்ப்பவர்களும் திருடர்களும். வெளியே போவது கம்பெனியின் மானம் மட்டுமில்லை, யாரோ ஒரு பாட்டியின் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து போகும்.

அப்புறம் அந்தப் பத்துக் கோப்புகள். ஒன்று தற்செயலாகத் திறந்தது, சரி. பத்து எதற்கு? நம் தென்னாப்பிரிக்காவின் சைபர் குற்றச் சட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வேண்டுமென்றே பிறர் தரவுக்குள் போவது அதில் குற்றம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். இனி அந்த எண்ணைத் தொடவே வேண்டாம். கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சல்களையும் தேதிகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். அந்தப் பத்துக் கோப்புகளை என்ன செய்வது என்றும் அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் இதுவரை தட்டியது தப்பான கதவு என்று நினைக்கிறேன். போபியா என்று சொல்கிறோமே, அந்தத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் நோயாளியின் தகவலுக்குப் பொறுப்பு டாக்டருடையது. கம்பெனி அவருக்காக வேலை செய்யும் ஆள், அவ்வளவுதான். மாதாமாதம் அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டுவதும் அவர்தான். யாரோ பையன் எழுதினால் மதிக்காதவர்கள், பணம் கட்டும் டாக்டர் போன் செய்தால் எழுந்து உட்காருவார்கள். டாக்டரும் அசையாவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, ஓட்டையைச் சரிசெய்ய 90 நாள் கொடுத்துவிட்டு விவரத்தை வெளியிடுகிறது. டாக்டருக்குத் தெரிவித்த நாளிலிருந்து நீங்களும் 90 நாள் எண்ணுங்கள். அதற்குப் பிறகும் ஓட்டை இருந்தால், வக்கீலிடம் காட்டிவிட்டு, எந்த மென்பொருள், எந்த மாதிரி ஓட்டை, எப்போது சொன்னீர்கள், யார் பதில் தரவில்லை என்று எழுதுங்கள். எண்ணை எப்படி மாற்றுவது என்பதும் ஸ்கிரிப்ட்டும் அதில் வரக் கூடாது.

டாக்டருக்கு முதல் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அம்மா எழுதட்டும். தன் தகவலை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்க அவருக்கு அதே போபியாவில் உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டர் கையிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.