பாங்காக் அரண்மனைக் கோயில் சுவரில் இருப்பது நம் ராமாயணம்தானா? அதற்காக அரை நாள் ஒதுக்கலாமா?

நான்கு நாள் பேக்கேஜில் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அரண்மனைக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருப்பார்கள். கூட வருகிற யாரோ "அங்கே ராமாயணத்தைத் தப்புத் தப்பாக வரைந்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லியிருப்பார். அரை நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் குழுவை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. முப்பது வருடம் போர்டு எழுதியவன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கட்அவுட் எல்லாம் செய்திருக்கிறேன். ஃபிளக்ஸ் வந்த பிறகு தொழில் போய்விட்டது. அதனால் நான் பார்த்தது ஒரு பெயின்டரின் பார்வைதான், பின்னூட்டத்தில் யாரும் அடிக்க வராதீர்கள்.

முதல் தடவை நானும் குழுவோடுதான் போனேன். கொடி பிடித்த வழிகாட்டி தங்கக் கோபுரத்தின் முன் போட்டோ எடுக்க வைத்தார், மரகத புத்தரைக் காட்டினார். ஓவியம் இருக்கும் திருச்சுற்று மண்டபத்தை வெயிலுக்கு ஒதுங்க மட்டும் பயன்படுத்தினார். எனக்கு மனசு கேட்கவில்லை. மகன் அங்கே வேலையில் இருக்கிறான். அவன் முறைத்தாலும் பரவாயில்லை என்று மறுபடி 500 பாட் கட்டி மறுநாள் தனியாகப் போனேன்.

அங்கே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் டச் அப் செய்துகொண்டிருந்தார். இடது கையில் ஒரு குச்சியைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்து, ஒரு கிரீடத்தின் சிவப்புக் கோட்டை இழுத்தார். நானும் அப்படித்தான் எழுதுவேன். காற்றில் எழுதிக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, எனக்குத் தெரியும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

மொத்தம் 178 கட்டங்கள். 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா என்ற ராஜா 1797இல் ராமகியன் என்ற தாய்லாந்து ராமாயணத்தை இயற்றவைத்தார். சுவரில் முதலில் வரைந்ததும் அவர் காலத்தில்தான். அப்புறம் மூன்றாம் ராமா காலத்தில் ஒரு தடவை. 1882இல் நகரத்துக்கு நூறு வயதானபோது ஐந்தாம் ராமா புதுப்பித்தார், எதிரே உள்ள தூண்களில் பளிங்குப் பலகைகளில் கதையைச் செய்யுளாகப் பொறிக்கவைத்ததும் அவர் காலத்தில்தான். 1932இல் 150 வயது, மறுபடி வேலை. 1982இல் 200, மறுபடி. நம் வீடுகளில் கல்யாணம் வந்தால் வெள்ளையடிப்பது போலத்தான். 1932இல் மேற்பார்வை பார்த்தவர் ப்ர தேவாபினிமித் என்ற ஓவியர். ஏப்ரலில் விழா நடந்தது, ஜூன் 24இல் புரட்சி வந்து ராஜாவின் முழு அதிகாரமும் போயிற்று. சுவர் மட்டும் தப்பித்தது.

"அப்படியானால் இப்போது இருப்பது ஒரிஜினல் இல்லையே" என்று மகனே கேட்டான். ஒரிஜினல் பார்க்க வேண்டுமென்றால் வேறு கோயில்கள் உண்டு. ஈரமும் உப்பும் ஏறுகிற சுவரில் வரைந்தால் எந்த ஓவியமும் அடியிலிருந்து உரியும். பழைய தாய் ஓவியர்கள் அதற்குச் செய்ததைக் கேட்டபோதுதான் எனக்கு ஆச்சரியம். கொன்றை வகை மரத்தின் இலையை இடித்து அந்தத் தண்ணீரில் சுவரைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்களாம். பிறகு மஞ்சள் கிழங்கைச் சுவரில் தேய்ப்பார்கள். சிவந்தால் சுண்ணாம்புக் காரம் இன்னும் போகவில்லை, மறுபடி கழுவு. நம் ஆரத்தித் தண்ணீர் கணக்குத்தான்! வண்ணம் ஒட்ட விளாம்பிசின், மரத்தின் இலைக்கொத்து போட நசுக்கிய தாழை வேர்தான் பிரஷ்.

ராஜாவைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுவரில் ராஜ வம்சத்து முகங்கள் எல்லாம் ஒரே அச்சு, அழுதாலும் கோபித்தாலும் முகம் மாறாது. கீழே மூலையில் பாருங்கள். அடுப்பு ஊதுகிறவர்கள், கூத்துப் பார்க்கிறவர்கள், வம்பு பேசுகிறவர்கள். அங்கேதான் பெயின்டர் தன் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறார்.

சரி, "தப்பான ராமாயணம்" விஷயம். ராமனும் பச்சை, தொட்சகன் என்கிற ராவணனும் பச்சை. அனுமன் வெள்ளை, பெண்கள் விஷயத்தில் பலே ஆள். ராவணனின் மகளான மீன்கன்னியோடு அவருக்குக் காதல், ஒரு பையனும் உண்டு. அதற்குள் கோபப்படாதீர்கள். ராமனைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போகும் மையராப் வேறு யாருமில்லை, நம் மயில்ராவணன். தோல்பாவைக்கூத்தில் அனுமார் வாலைக் கோட்டையாகச் சுருட்டிக் காவல் காப்பார், அங்கே உடம்பைப் பெருக்கி ராமன் தங்கிய கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக்கொள்கிறார். நம் கதையிலும் மீன் வயிற்றில் பிறந்த பையன் வருவான், வியர்வைத் துளியை மீன் விழுங்கியதாகச் சொல்லிச் சமாளிப்போம். வால்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை, ஆனால் எங்கள் ஊர்த் திடலில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன்.

இதை இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியம் இருந்தது, காவியும் கறுப்பும்தான், பாதி உதிர்ந்துபோனது. கும்பாபிஷேகத்துக்கு "பளிச்சென்று இருக்க வேண்டும்" என்றார்கள். பட்டி பார்த்து, எனாமல் இரண்டு கோட் அடித்து மூடினார்கள். அடித்தவன் நான். அப்போது எனக்கு அது தினக்கூலி, கைவசம் வேறு வேலை இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் இன்னொருவர் அடித்திருப்பார், உண்மைதான், ஆனாலும் அந்த முக்காலிக்காரர் பக்கத்தில் நின்றபோது அந்த எனாமல் வாசனைதான் ஞாபகம் வந்தது. அந்த வேலைக்கு 1,800 ரூபாய் பாக்கி இன்னும் வரவில்லை. கேட்டால் கமிட்டி மாறிவிட்டது என்கிறார்கள்.

நீங்கள் போகும்போது முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள், அரைக்கால் சட்டையில் விடமாட்டார்கள். வடக்கு வாசல் பக்கம், விகான் யோட் கட்டடத்துக்கு எதிரே உள்ளதுதான் முதல் கட்டம், ஜனகர் சீதையைக் கண்டெடுப்பது. அங்கிருந்து பிரதட்சிணமாக நடங்கள். வழிகாட்டி வேறு இடத்தில் ஆரம்பித்தால் கதை தலைகீழாகிவிடும்.