முதல் எக்விப்ட் பவர்லிஃப்டிங் போட்டி: மூன்று வாரத்தில் இறங்கலாமா?

கேள்வி: ஒன்றரை வருடமாக ரா, அதாவது இறுக்க உடை எதுவும் இல்லாமல், தூக்குகிறேன். அடுத்த மாதப் போட்டியில் எக்விப்டில், அதாவது எடைக்கு எதிராகத் தள்ளிக்கொடுக்கும் இறுக்கமான சூட்டும் பெஞ்ச் ஷர்ட்டும் போட்டு, இறங்கு, சூட் போட்டால் முப்பது கிலோ சும்மா கிடைக்கும் என்கிறார் கோச். மூன்று வாரம்தான் இருக்கிறது. இறங்கலாமா?

அந்த "சும்மா கிடைக்கும்" என்ற வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னிடமும் அதையே சொன்னார்கள், நானும் நம்பினேன். புதியவர்களுக்கு: பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடுப்பது) என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, மூன்று வகையிலும் சிறந்ததைக் கூட்டினால் மொத்தக் கணக்கு. என் முதல் எக்விப்ட் போட்டியில் பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்று வாய்ப்பையும் கோட்டை விட்டு, மொத்தக் கணக்கே இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். எடை அதிகமாகி அல்ல, குறைவாகப் போய்.

நீங்கள் ஆணா பெண்ணா, எந்த எடைப் பிரிவு என்று எழுதவில்லை. பெண், அறுபது கிலோவுக்குப் பக்கம், ஜிம்மில் உங்களைத் தவிர எக்விப்ட் தூக்கும் பெண் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் இருந்தேன். வேறு மாதிரி என்றாலும் ஷர்ட் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

நான் கோச் இல்லை. மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கும், கணக்கு எழுதிப் பிழைக்கும், 36 வயதில் முதல்முறை பார் பிடித்த ஆள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம். "எக்விப்ட் என்றாலே ஏமாற்று வேலை" என்று கமெண்ட் போடத் தயாராகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சர்வதேசக் கூட்டமைப்பில் ரா தூக்குதலுக்குக் 'கிளாசிக்' என்ற பெயரில் தனி உலக சாம்பியன்ஷிப் வந்ததே 2013-ல்தான். அதற்கு முன் பல வருடம் உலக சாம்பியன்கள் எல்லோரும் இந்தச் சட்டைக்குள் மூச்சுத் திணறியவர்கள்தான். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

சூட் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்குவாட் சூட்டைப் படத்தில் பார்த்தால் நீச்சல் உடை போல இருக்கும். கையில் வாங்கினால் தார்ப்பாய். எனக்கு முதல் தடவை தொடையைத் தாண்டி ஏற்றவே இருபது நிமிடம் ஆனது. காலில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை மாட்டி அதன்மேல் சூட்டை வழுக்க விட்டு, பிறகு பையை உருவ வேண்டும். 2018-ல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் நான் கேட்பது முறுக்கு இல்லை, பைதான். உடம்பில் பவுடர் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய், கிரீம் போன்ற வழவழப்பு எதுவும் கூடாது. முழங்காலில் இறுக்கிச் சுற்றும் பட்டையான ராப் சர்வதேச விதிப்படி 2 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது, 8 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. கடையில் இரண்டரை மீட்டரும் கிடைக்கும், அளந்து வாங்குங்கள்.

பிறகு காயம். தொடையின் உள்பக்கம், அக்குள், மேல்கை எல்லாம் நீலம் பாரித்துவிடும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கட்டிடத்து மாமி ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு ஓரமாகக் கூப்பிட்டு, "ஆத்துல எல்லாம் சரியா இருக்கோல்லியோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. சட்டை கடித்தது மாமி என்று எவ்வளவு விளக்கியும் அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் கணவரைப் பார்த்தால் மாமி லிஃப்டில் ஏற மாட்டார். அடுத்த தடவைக்குக் காத்திருப்பார். பாவம் மனிதர், பல்லியைக்கூட விரட்டத் தெரியாதவர்.

இந்த மாமியாவது அக்கறையில் கேட்டார். எங்கள் பிளவுஸ் தையல்காரரை என்ன சொல்ல? நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். மேல்கை ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது என்று அளவு சொன்னால், "மேடம், போன வருஷ அளவுக்கே வெச்சிடறேன், நீங்க எப்படியும் குறைச்சிடுவீங்க" என்கிறார். நான் குறைக்கப் போவதில்லை ஐயா! பணம் நான் கொடுக்கிறேன், கை என்னுடையது. தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப் பிளவுஸில் கையைத் தூக்கி அட்சதை போட முடியாமல் நின்றேன். வீட்டில் யாராவது தொப்பை போட்டால் அளவைக் கூட்டுவார்; பெண்ணுக்குக் கை பருத்தால் மட்டும் அது திருந்த வேண்டிய தப்பு. அதே கல்யாணத்தில்தான் பெரியப்பா, "மல்லேஸ்வரி மாதிரி ஒலிம்பிக் போவியாம்மா?" என்றார். கர்ணம் மல்லேஸ்வரி 2000-ல் சிட்னியில் வெண்கலம் வாங்கியது பளுதூக்குதலில், தலைக்கு மேலே தூக்குவது. நாங்கள் செய்வது வலுதூக்குதல். ஒலிம்பிக்கில் கிடையாது, பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் ரசம் வந்துவிட்டது.

சரி, போட்டி.

ஞாயிற்றுக்கிழமை, தாணேக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கம். எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. 63 கிலோ பிரிவில் 62.3 இருந்தேன். இறங்கியதும் கட்டிக்கொண்டு போன தயிர்சாதமும் வாழைப்பழமும். எங்கள் வியாயாம்ஷாலாவின் (உடற்பயிற்சிக்கூடம்) கோச் மராத்திக்காரர், அவரோடு பாரில் எடைத் தட்டு மாற்ற வந்த இரண்டு பையன்கள். அவர்கள் என்னைத் 'தாயி' என்பார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். எனக்கு மட்டும் இன்றும் ஊர்ப் பாட்டி கூப்பிடுவது போலவே கேட்கும். பெண்கள் உடை மாற்ற அரங்கத்தில் தனி அறை இல்லை, ஒரு திரைதான். அங்கே சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "நகருடி, நான் இழுக்கிறேன்" என்று தமிழில் ஒரு குரல். ரயில்வேயில் வேலை பார்க்கும் அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் கோலிவாடாவிலேயே இரண்டு தெரு தள்ளி வீடு. அன்றுதான் முதல்முறை பார்த்தேன். இடுப்பில் முட்டுக்கொடுத்து அவர் இழுத்த இழுப்பில் நான் தரையை விட்டு எழும்பினேன்.

ஸ்குவாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராவில் என் அதிகபட்சம் 105. முதல் வாய்ப்பு 120, மூன்று சிவப்பு விளக்கு, அதாவது மூன்று நடுவரும் செல்லாது என்றார்கள், ஆழம் போதவில்லை. இடுப்பு மூட்டு முழங்கால் மேல்பக்கத்துக்குக் கீழே போக வேண்டும். சூட் உங்களை உட்கார விடாது. இரண்டாவதில் அதே 120-ல் உட்கார்ந்தேன். மூன்றாவது 130, இரண்டு வெள்ளை ஒரு சிவப்பு, பெரும்பான்மையில் தேறியது. அங்கே கற்றுக்கொண்ட ஒரே விஷயம், ராப்பைச் சீக்கிரம் கட்டிவிடக் கூடாது. எனக்கு முன்னால் தூக்க வேண்டியவருக்குத் தட்டு தப்பாகப் போட்டுவிட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரமெல்லாம் முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் நாற்காலியில். கால் விரல் என்னுடையதா என்றே தெரியவில்லை.

பெஞ்ச் ஷர்ட் வேறு ஜாதி. கை இரண்டும் முன்பக்கம் நீட்டினாற்போலத் தைத்திருப்பார்கள். போட்டபின் சோளக்கொல்லை பொம்மை போல நிற்க வேண்டியதுதான். மூக்கு அரித்தால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். பாரை இறக்கும்போது துணி இழுபட்டு எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் உங்கள் கோச் சொல்லும் சும்மா கிடைக்கும் கிலோ. ஆனால் பார் நெஞ்சைத் தொட்டால்தானே கணக்கு? தொட வேண்டுமென்றால் துணியை ஜெயிக்கும் அளவுக்கு எடை மேலே இருக்க வேண்டும். ராவில் எனக்கு 55. ஜிம்மில் ஷர்ட்டோடு நாலே நாலு நாள் பழகினேன், பெரும்பாலும் நெஞ்சில் மரப்பலகை வைத்து, பலகை வரைக்கும் இறக்கி. பலகை இல்லாமல் தொட்டது ஒரே ஒரு தடவை, 77.5 கிலோவில்.

முதல் வாய்ப்புக்கு நான் எழுதிக்கொடுத்தது 72.5. கணக்கு எழுதுகிறவள் புத்தி, கையிருப்பு வைத்துத்தான் செலவு செய்யும்.

அக்கா சீட்டைப் பார்த்தார். "இது தொடுமாடி?"

"ஜிம்ல 77.5 தொட்டுச்சுக்கா."

"அப்ப ஏன் 72.5?"

"சேஃப்டிக்கு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சுற்று தொடங்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு வரை முதல் எடையை ஒருமுறை மாற்றலாம். அவர் மேஜைக்குப் போவதற்குள் அந்த நேரமும் தாண்டிவிட்டது.

படுத்தேன். 'ஸ்டார்ட்' என்றார் ரெஃப்ரி. இறக்கினேன். நெஞ்சுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து பார் நின்றது. மேலேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றது. நான் முழு பலத்தோடு கீழே இழுக்கிறேன், அது வர மாட்டேன் என்கிறது. தலையைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது; தலை, தோள், பிட்டம் மூன்றும் பெஞ்சை விட்டு எழும்பக் கூடாது. கடைசியில் பார் முகத்துப் பக்கம் சாய, பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சிவப்பு.

அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம். ஒருமுறை சொன்ன எடையைக் குறைக்க முடியாது. அதே எடையோ, கூட்டியோ கேட்கலாம். கோச் 80 என்றார். நான் முடியாது என்றேன். 72.5-ஐயே தூக்காதவள் எப்படி 80 கேட்பது? ஊரில் யாரைக் கேட்டாலும் என் பக்கம்தான் நியாயம் சொல்வார்கள். "உன் இஷ்டம் பேட்டா" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இரண்டாவது வாய்ப்பு, அதே 72.5. இந்தத் தடவை ஒரு விரற்கடை மிச்சம். மறுபடி மூன்று சிவப்பு.

மூன்றாவதுக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. அக்காவே போய் 80 என்று கொடுத்துவிட்டு வந்து, "நீ பேசாம மூச்சைப் பிடி" என்றார். பார் 20, தட்டைப் பூட்டும் இரண்டு காலர் சேர்ந்து 5. அதுவரை ஒரு பக்கத்துக்கு நீல 20 கிலோ தட்டும் சில்லறையும் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு 25 ஏறியது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. இறக்கினேன். இறங்கியது. சண்டை போடாமல், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை போல வந்து நெஞ்சைத் தொட்டது.

தொட்டுவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் அப்படியே தள்ளிவிட்டேன். பறந்தது. ராவில் தூக்கியதைவிட 25 கிலோ கூட, கை நீட்டி நிற்கிறது. அரங்கத்தில் கைதட்டல். எழுந்து பார்த்தால் மூன்று சிவப்பு.

பார் நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் 'பிரஸ்' என்று சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும். இது எனக்குத் தெரியாதா? ராவில் தூங்கும்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஷர்ட்டோடு பழகிய நாலு நாளும் தொட வைப்பதே பெரும்பாடாக இருந்ததால், ஜிம்மில் ஒருவர்கூட அந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை. தொட்ட அன்று எல்லோரும் "ஷாபாஷ்" என்று கத்தினார்கள். நான் கத்தலுக்குத் தள்ளிப் பழகியிருந்தேன்.

மூன்று வகையில் ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் தோற்றால் மொத்தக் கணக்கிலிருந்து பெயர் போய்விடும். டெட்லிஃப்ட் மட்டும் தூக்கலாம் என்றார்கள். திரைக்குப் பின்னால் போய் அழுதேன், ஷர்ட்டைக் கழற்றாமல். கண்ணைத் துடைக்கக் கை மடங்கவில்லை, அக்காதான் துண்டால் துடைத்தார். பிறகு மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு 132.5 எடுத்தேன். டெட்லிஃப்டில் முழங்காலுக்குக் கீழே எலும்பை மூடும் காலுறை கட்டாயம், மறந்துவிடாதீர்கள்.

திரும்பும்போது மத்திய ரயில்வேயின் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைப்பது. தாணே ஸ்டேஷனில் பையின் மேலேயே உட்கார்ந்து நானும் அக்காவும் ஆளுக்கு இரண்டு வடாபாவ் சாப்பிட்டோம். வீட்டிலிருந்து கணவரின் போன் வந்தது. எவ்வளவு தூக்கினாய் என்று கேட்டார், 132.5 என்றேன். பெஞ்ச் பற்றிச் சொன்னது புதன்கிழமை. அடுத்த வருடம் மறுபடி இறங்கி, பெஞ்சில் 77.5-ல் தொடங்கி, மொத்தம் 347.5 வைத்தேன். நாலாவது இடம்.

ஆக, மூன்று வாரத்தில் இறங்கலாமா? சூட்டும் ராப்பும் மட்டும் என்றால், துணிச்சல் இருந்தால், சரி. பெஞ்ச் ஷர்ட்டுக்கு மூன்று வாரம் போதாது, என் அனுபவத்தில். முழு எக்விப்ட் பிரிவிலேயே சாதாரண டி-ஷர்ட்டோடு பெஞ்ச் போடலாம், அதற்குத் தடை இல்லை. கிலோ குறையும், ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும். ஷர்ட் போட்டே தீருவேன் என்றால் ஜிம்மில் எந்த எடையில் கட்டளையோடு தொட்டதோ அதற்குக் கீழே எழுதாதீர்கள். 2023-லிருந்து முழங்கையின் அடிப்பக்கம் தோள் மூட்டின் மேல்மட்டம் வரையாவது இறங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது, அதையும் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கோச்சுக்கு இதெல்லாம் தெரியும் என்றால் என்னைத் திட்ட வேண்டாம், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

புதிதாக வாங்க வேண்டாம். என் முதல் சூட் பரணில் சும்மாதான் கிடக்கிறது, சயான் பக்கம் வந்தால் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் தொடைச் சுற்றளவை அளந்து கீழே எழுதுங்கள். 58 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பிளாஸ்டிக் பை போட்டாலும் ஏறாது.