இருநூறு மைல் கடலும் ஜெரி ஸ்டட்ஸும்

வணக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரையோர எம்.பி. ஜெரி ஸ்டட்ஸ் போராடியதால்தான் அங்குள்ள மீனவர்களுக்கு இருநூறு மைல் கடல் உரிமையானது என்றும், அங்கே மீனவர்களே உட்கார்ந்து விதி எழுதும் மன்றங்கள் உண்டு என்றும் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அப்படியென்றால் அந்தக் கடலில் காட் (cod) என்ற மீன் ஏன் அற்றுப்போனது? மன்ற முறையை நாம் இங்கே கேட்கலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இருநூறு மைல் சட்டம் ஸ்டட்ஸ் ஒருவரால் மட்டும் வந்ததல்ல. செனட்டில் வாஷிங்டன் மாநிலத்து வாரன் மக்னூசன் முன்னின்றார். பிரதிநிதிகள் அவையில் ஓயாமல் வாதாடியவர்களில் ஸ்டட்ஸ் முக்கியமானவர். 1970இல் தோற்று, 1972இல் மிகச் சொற்ப வாக்கில் வென்றவர். நியூ பெட்ஃபோர்டு, கேப் காட் ஆகிய மீன்பிடி ஊர்கள் அவர் தொகுதியில் இருந்தன. மீனவர்களில் போர்ச்சுகீசிய வம்சாவளியினர் அதிகம் என்பதால் அந்த மொழியையே கற்றுக்கொண்டார். (ஓட்டுக்காகத்தான், இருக்கட்டுமே.)

அப்போது அமெரிக்க மீன்பிடி எல்லை பன்னிரண்டு மைல்தான். அதற்கு வெளியே, ஜார்ஜஸ் பேங்க் என்ற மேட்டுக்கடலில், சோவியத், போலந்து, கிழக்கு ஜெர்மனிக் கப்பல்கள் பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைத்தன. கடல் சட்டம் குறித்து ஐ.நா.வில் பேச்சு நடக்கும்போது நாம் முந்தக்கூடாது என்று வெளியுறவுத் துறை தடுத்துப் பார்த்தது. அதையும் மீறி, 1976 ஏப்ரல் 13 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். 1977 மார்ச் 1 முதல் அமல். இந்தியா தன் இருநூறு மைல் பொருளாதார மண்டலத்துக்குச் சட்டம் இயற்றியதும் அதே 1976இல்தான்.

சட்டம் வேலை செய்த விதம் இது. கரையிலிருந்து மூன்று மைல் வரை பெரும்பாலும் மாநிலத்துக்கு, அதற்கப்பால் இருநூறு வரை மத்திய அரசுக்கு. உள்நாட்டுப் படகுகளால் பிடிக்க முடியாத மிச்சத்தைத்தான் அந்நியக் கப்பலுக்கு, அதுவும் அனுமதிச்சீட்டும் கட்டணமும் வாங்கிக்கொண்டு, கொடுக்கலாம். நாடு எட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம். அதில் மாநில மீன்வளத் துறைத் தலைவர்கள், மத்திய மீன்வளத் துறையின் வட்டார அதிகாரி, ஆளுநர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்து வர்த்தகச் செயலர் நியமிப்பவர்கள் இருப்பார்கள். இந்தக் கடைசி வகையில்தான் படகு முதலாளிகளும் வியாபாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். சூரை மீனை மட்டும் சட்டம் தொடவில்லை. அமெரிக்கச் சூரைப் படகுகள் தென் அமெரிக்கக் கரைகளில் பிடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கா தன் கடலில் சூரை பிடிப்பதைத் தடுத்தால் அந்த நாடுகளும் தடுக்குமே!

அந்நியக் கப்பல்கள் போய்விட்டன. காலியான இடத்துக்கு யார் வரலாம், எத்தனை படகு வரலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. மறுபுறம் படகு கட்ட அரசின் கடன் உத்தரவாதம், வரியைத் தள்ளிப்போடும் சலுகை. மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்கு வட்டாரமான நியூ இங்கிலாந்தில் இழுவைப் படகுகள் மளமளவென்று பெருகின. அங்குள்ள மன்றம் முதலில் பிடிப்பளவு நிர்ணயித்தது. ஒதுக்கீடு சீக்கிரமே தீர்ந்து மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. உடனே கணக்கில் புரட்டு. ஓரிடத்தில் பிடித்ததை வேறிடம் என்று எழுதினார்கள், இரவில் இறக்கினார்கள். 1982இல் மன்றம் பிடிப்பளவையே கைவிட்டு, வலைக்கண்ணி அளவையும் மீனின் குறைந்தபட்ச நீளத்தையுமே முக்கியமாக நம்பியது.

இழுவை மடி, அதாவது படகு இழுத்துச் செல்லும் பை வலை, பார்த்த யாருக்கும் இது ஏன் தோற்றது என்று தெரியும். மடியின் கடைசிப் பை ஐந்தரை அங்குலக் கண்ணி என்றாலும், மீன் நிறைந்து இழுபடும்போது கண்ணி நீண்டு மூடிக்கொள்ளும். உள்ளே சிறுகண்ணி வலையைச் செருகினால் குஞ்சும் தப்பாது. நீளம் குறைந்த மீனைக் கடலில் திருப்பிப் போட்டாலும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணியைப் பெரிதாக்கினாலும் படகு பெருகிக்கொண்டே போனால் பலன் கிடையாது. 1984இல் சர்வதேச நீதிமன்றம் ஜார்ஜஸ் பேங்கின் வடகிழக்குப் பகுதியைக் கனடாவுக்குக் கொடுக்க, அத்தனை படகும் மிச்ச இடத்தில் நெருக்கின.

1991இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்ட பிறகே மன்றம் அசைந்தது. 1994இல் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன, கடலில் இருக்கும் நாட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது, டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்கின் பெரும் பகுதிகள் மூடப்பட்டன. மூடிய இடங்களில் ஸ்காலப் சிப்பி பெருகியது. நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்கு இன்று காசு கொடுப்பது அதுதான். காட் இனத்துக்கு நெருங்கிய ஹாடக் மீனும் மீண்டது. காட் மீளவில்லை.

ஸ்டட்ஸைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1973இல் அவையில் ஏவலராக இருந்த பதினேழு வயதுப் பையனோடு உறவு வைத்திருந்ததற்காக 1983இல் பிரதிநிதிகள் அவை அவரைக் கண்டித்தது. தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1992இல் கடல்வணிக, மீன்வளக் குழுவின் தலைவரானார். 1995இல் குடியரசுக் கட்சி அந்தக் குழுவையே கலைத்தது. அவர் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன், 1996 அக்டோபரில், சட்டம் திருத்தப்பட்டது. பழைய சட்டப்படி, நிலையாகப் பிடிக்கக்கூடிய உச்ச அளவை, பொருளாதார, சமூகக் காரணம் காட்டி மன்றம் மாற்றலாம். அதாவது கூட்டலாம். திருத்தத்துக்குப் பின் குறைக்க மட்டுமே முடியும். அளவுக்கு மீறிப் பிடித்துக் குறைந்துபோன இனத்தைப் பொதுவாகப் பத்து ஆண்டுக்குள் மீட்க வேண்டும் என்பதும் அப்போது வந்தது. பிறகு, மன்றத்தின் அறிவியல் குழு சொல்லும் அளவை மன்றம் தாண்டக்கூடாது என்றும் ஆனது.

ஆகவே மன்ற முறையைக் கேளுங்கள், ஆனால் பாதியை மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு பிடிக்கலாம் என்ற உச்ச எண்ணை ஆய்வாளர்கள் சொல்லட்டும். அதை யாருக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதை மீனவர்கள் முடிவு செய்யட்டும். இரண்டும் ஒரே கையில் இருந்ததுதான் நியூ இங்கிலாந்தின் கோளாறு. நம் கடலில் ஒரே மடியில் பல வகை மீன் ஏறுவதால் இனவாரி ஒதுக்கீடு இங்கே எளிதில் நடக்காது. விசைப்படகு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கேட்பதே கைக்கெட்டும் வழி. அதைப் புதுப் படகுக்கு மானியம் அறிவிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.