அக்கா பதில்கள்: எல்லாரும் நிக்கிறாங்க, யாரு முதல்ல போறது?

"அக்கா, நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். பைபாஸ்ல ஒரு பைக்காரர் அடிபட்டுக் கிடந்தாரு, சுத்தி அவ்ளோ கூட்டம், யாருமே கிட்ட போகல, நானும் போகல. போலீஸ் கேஸு, கோர்ட்டுன்னு இழுத்து விட்ருவாங்கன்னு பயம். நான் அவ்ளோ மோசமானவனா?"
- விருதுநகர் வாசகர்

இல்ல தம்பி. உன் மனசுல ஈரம் இருக்கு, கூட்டம்தான் உன் காலைக் கட்டிப் போட்ருச்சு. 1968-ல அமெரிக்காவுல டார்லி, லட்டானேன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஆளுங்கள ஒரு ரூம்ல உக்கார வச்சு ஃபார்ம் நிரப்பச் சொல்லிட்டு, சுவத்துல இருந்த ஓட்டை வழியா புகைய விட்டாங்க. தனியா இருந்தவங்கள்ல 75 சதவீதம் பேரு எந்திரிச்சுப் போய் சொல்லிட்டாங்க. அதே ரூம்ல கண்டுக்காத மாதிரி இருக்க ரெண்டு பேரக் கூட உக்கார வச்சாங்க பாரு, அப்ப சொன்னது வெறும் 10 சதவீதம் பேருதான். மத்தவங்கல்லாம் கண்ணைக் கசக்கிக்கிட்டு, புகையக் கையால விலக்கிக்கிட்டு, எழுதிக்கிட்டே இருந்தாங்க. அடுத்தவன் சும்மா இருக்கான்ல, அப்ப ஒண்ணும் இல்ல போலன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டது.

அதனால இனிமே இப்படி நடந்தா "யாராச்சும் 108-க்கு போன் பண்ணுங்க"ன்னு பொதுவா கத்தாத, யாருமே பண்ண மாட்டாங்க. ஒருத்தர நேராப் பாத்து, "அண்ணே, நீல சட்டை அண்ணே, நீங்க போன் போடுங்க", "சார், நீங்க வர்ற வண்டியெல்லாம் கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொல்லு. சொன்ன உடனே ஓடுவாங்க, அவங்களும் யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் நிக்கிறாங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணிய வச்சு அழுத்திப் பிடி. தண்ணி குடுக்காத, ஹெல்மெட்ட வெடுக்குன்னு இழுக்காத, ஆளைத் தூக்கி உக்கார வைக்காத.

கேஸு பயத்துக்கு வருவோம். 2016-லயே உச்ச நீதிமன்றம் இதுக்கு வழிகாட்டுதல் குடுத்துருச்சு, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு தனிப் பிரிவு சேத்துட்டாங்க. நல்லெண்ணத்தோட உதவி பண்ணவர் பேரு, அட்ரஸு சொல்லியே ஆகணும்னு யாரும் வற்புறுத்தக் கூடாது, பணம் கட்டுன்னு ஆஸ்பத்திரியிலயும் பிடிச்சு வைக்கக் கூடாது. செலவுக்கும் நம்ம தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரியிலயும் அந்தத் திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அடிபட்டவரு எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. இத உன் கிளாஸ் பசங்க எல்லார்கிட்டயும் சொல்லு தம்பி, நெறைய பேரு இது தெரியாமத்தான் ஒதுங்கிப் போறாங்க.

"கையில காசு கிடையாது, சமையல், பிள்ளைங்கன்னு நேரமும் கிடையாது. என்னால யாருக்கு என்ன உதவி பண்ண முடியும்?"
- ஆம்பூர் வாசகி

காசே வேணாம்மா. அடுத்த தடவ அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா ஓ.பி. சீட்டு குடுக்குற இடத்துல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. கிராமத்துல இருந்து முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்த ஒரு பாட்டி சீட்டக் கையில வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. ரத்தம் எடுக்குற ரூமு எங்கன்னு தெரியாது, போர்டு படிக்கத் தெரியாது, கேட்டா திட்டுவாங்களோன்னு பயம் வேற. "குடுங்க பாட்டி, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்"னு கூட்டிட்டுப் போய் லைன்ல நிக்க வச்சுட்டு, மாத்திரை வாங்குனதும் காலைல எது, ராத்திரி எதுன்னு கவர்ல சூரியன், நிலா படம் போட்டுக் குடுத்துட்டு வாங்க. உங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் ஆகும். அவங்களுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம், மாத்திரைய மாத்திப் போடுற ஆபத்தும் இல்ல.

"போன் போடுறது, வழி காட்டுறதுன்னு சின்னச் சின்ன உதவி பண்றவங்களுக்கெல்லாம் ஹீரோன்னு பேரு குடுக்குறது கொஞ்சம் ஓவரா இல்லையா?"
- சென்னை வாசகர்

எனக்கு அப்படித் தோணல சார். 1971-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மாணவர்களையே காவலர், கைதின்னு பிரிச்சு நடிக்க விட்டு சிறைச்சாலை சோதனை நடத்துனாரே ஜிம்பார்டோங்கிற உளவியல் பேராசிரியர், சாதாரண ஆளு எப்படிக் கொடுமைக்காரனா மாறுறான்னு அத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ண மனுஷன், அவரே பின்னாடி சாதாரண ஜனங்கள ஹீரோவாப் பழக்குறதுக்குன்னு தனி அமைப்பே ஆரம்பிச்சாரு. வீரமும் பழக்கம்தான்னு அவரு நம்புனாரு, நானும் நம்புறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல நம்ம மீனவர்கள் அவங்க படகுகள லாரியில ஏத்திக்கிட்டு வந்து தெருத் தெருவா ஆளுங்கள மீட்டாங்க, நீங்களே பாத்துருப்பீங்க. கடல்ல ஒரு படகு மாட்டிக்கிட்டா பக்கத்துப் படகு போய்த்தான் ஆகணும்ங்கிறது அவங்க தினசரி வழக்கம். அன்னைக்கு அந்த வழக்கத்தத்தான் ஊருக்குள்ள கொண்டு வந்தாங்க.

"இல்லாதவங்களுக்கு சாப்பாடு குடுத்து உதவி பண்றத வீடியோ எடுத்துப் போட்டா நாலு பேரு பாத்துத் திருந்துவாங்கல்ல?"
- திருப்பூர் வாசகர்

சாப்பாடு வாங்குறவங்க முகம் அதுல தெரியவே கூடாதுங்க. பொட்டலம் வாங்குற அந்த அப்பாவோட பொண்ணு ஸ்கூல்ல படிக்குது, அந்த வீடியோவ அது கிளாஸ்ல யாராவது பாப்பாங்க. போடணும்னா சமைக்கிற அடுப்பையும் வேலை செய்றவங்க கையையும் எடுத்துப் போடுங்க, எங்க வந்து சேந்துக்கலாம்னு நேரமும் இடமும் எழுதுங்க.