உபுண்டு நிறுவும் முன் வைஃபையையும் வட்டையும் சோதித்துவிடுங்கள்

வணக்கம். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய பிறகே வைஃபை இயங்காதது தெரிந்ததாகவும், புதியதில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவ விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நிறுவாமலேயே சோதிக்க வழியுண்டு. 16 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான முழுத் தொகுப்பு) எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் தேர்வைச் சொடுக்குங்கள். வட்டில் எதுவும் மாறாது. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டு இணைப்பின் பெயர் தெரிந்து, அதில் ஒரு காணொளி தடங்கலின்றி ஓடினால் கவலையில்லை. பெயரே தெரியாவிட்டால், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை இட்டு வைஃபை சில்லு யாருடையது என்று பாருங்கள். இன்டெல் சில்லுகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே உண்டு. பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்குத் தனி டிரைவரை இறக்க வேண்டும், அதற்குக் கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி கம்பிவழி கொடுத்தால் போதும்.

நான் அதிகம் அஞ்சுவது வட்டைப் பற்றித்தான். கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில், வட்டுகளைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி முறை இயக்கத்தில் இருந்தால், உபுண்டு நிறுவியின் கண்ணுக்கு எஸ்எஸ்டி வட்டே தெரியாமல் போகலாம். அந்த அமைப்பை, வட்டைக் கையாளும் பொதுவான முறையான ஏஎச்சிஐக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடக்கூடும். முதலில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு, விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்குமாறு அமைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

ஒலி, கேமரா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்பதையும் பென்டிரைவிலிருந்து சோதிக்கும்போதே பார்த்துவிடுங்கள். மடிக்கணினியின் மாடல் எண்ணை எழுதினால் மேலும் திட்டமாகச் சொல்ல முடியும்.